லூக்காஸின் ஊசி நின்ற இடம்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.20க்குப் பதுளை நகரில் ஒரு பயிற்சி நிலையத்தின் மேல்மாடியில், லூக்காஸ் ஒரு ரப்பர்க் கைக்கு முன்னால் ஊசியோடு நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். மணி அடித்தது. பரீட்சகர் தன் தாளில் "தயக்கம். கை நடுக்கம் இல்லை" என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று லூக்காஸுக்கு வயது ஐம்பத்திரண்டும் ஏழு மாதமும். நமுனுகுலப் பக்கத்தில் நீலவத்தைத் தோட்டத்து மருந்தகத்தில் அவர் வைத்திய உதவியாளர். வேலையில் சேர்ந்தது 1996 நவம்பரில். முதல் நாள் பிற்பகல், அவருக்கு முன்னிருந்தவர் ஒரு வாழைத்தண்டை மேசையில் வைத்து ஊசி போடக் காட்டிக்கொடுத்தார். மறுநாள் காலை அவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஹாலிஎலைக்குப் போய்விட்டார். வாழைத்தண்டுக்கு அடுத்தபடியாக லூக்காஸ் ஊசி போட்டது ஒரு கங்காணிக்கு. அதற்குப் பிறகு 2023 டிசம்பர் முடிய, நரம்பில் மட்டும் போட்டது பதினோராயிரத்து நானூற்றுச் சொச்சம். சொச்சத்துக்குக் காரணம், 2003ஆம் ஆண்டுப் பதிவேட்டில் கரையான் தின்ற ஆறு பக்கம்.

தோட்ட மருந்தகங்களில் நரம்பில் ஊசி ஏற்றுகிற எல்லோரும் செய்முறைத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்று 2024 ஜனவரியில் சுற்றறிக்கை வந்தது. தேர்வு இதுதான். நரம்புக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நிறுத்துகிற ஊசி ஒன்று உண்டு. சனம் அதைச் சேலைன் ஊசி என்கிறது. அதை ரப்பர்க் கையில் ஏற்றிக் காட்ட வேண்டும். கை கழுவுவதிலிருந்து கட்டுப் போடுவது வரை இருபத்திரண்டு படி, படிக்கு ஒரு புள்ளி, நேரம் எட்டு நிமிடம், தேறுவதற்குப் பதினாறு. தவறினால் ஆறு வாரத்தில் இன்னொரு தடவை. அதிலும் தவறினால், மாத்திரை கொடுக்கலாம், புண்ணுக்கு மருந்து கட்டலாம், பதிவேடு எழுதலாம். நரம்பைத் தொடக் கூடாது.

நரம்பைத் தொடாத மருந்தகம் நீலவத்தைக்கு என்ன செய்யும் என்பதற்குக் கணக்கு இருந்தது. தேயிலை மலையில் குளவிக்கூடு கலைந்தால் கொழுந்து பறிக்கிறவர்கள்மேல்தான் இறங்கும். 2023இல் பதினான்கு தடவை இறங்கியது. கொட்டு வாங்கியவர்கள் அறுபத்தொரு பேர். அவர்களில் இருபத்து மூன்று பேருக்கு உடனே நரம்பில் மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. பதுளை ஆஸ்பத்திரி இருபத்தாறு கிலோமீற்றர். தோட்டத்து வேன் ஒழுங்காக ஓடினால் ஒரு மணி பத்து நிமிடம். வேன் எப்போதும் ஒழுங்காக ஓடியது என்று சொல்வதற்கில்லை.

லூக்காஸ் முதல் தேர்வில் பதினொரு படி வரை போயிருந்தார். அதற்கு ஆறு நிமிடமும் பத்து விநாடியும் ஆயிற்று. அந்தப் பதினொன்றில் ஒரு புள்ளி போனது, கையுறையைப் போடுமுன் அதற்குள் வாயால் ஊதி விரித்ததற்கு. தோட்ட மருந்தகத்தில் கையுறையை ஊதாமல் போட்டவர் யாரும் இல்லை. ஊதினால் சுத்தம் கெடும் என்று அவர்களுக்குச் சொன்னவரும் இல்லை. பன்னிரண்டாவது படி, ஊசி தோலைத் துளைப்பது. அங்கேதான் மிச்சம் ஒரு நிமிடம் ஐம்பது விநாடியும் போயிற்று. மொத்தப் புள்ளி பத்து.

பயிற்சி நிலையத்தின் தாதியப் போதனாசிரியை ஷஹீலாவுக்கு முப்பத்தொரு வயது. தவறியவர்களை மறு தேர்வுக்குத் தயார் செய்வது அவர் பொறுப்பு. தவறியவர்கள் நான்கு பேர். ஒருவருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. இன்னொருவருக்குக் கை நடுங்கியது. மூன்றாமவர் இரத்தத்தைக் கண்டால் மயங்குகிறவர். பத்தொன்பது வருடமாக அதை யாருக்கும் சொல்லாமல் வேலை பார்த்திருந்தார். நான்காவது லூக்காஸ். அவரிடம் என்ன குறை என்பது தெரியவில்லை.

ஷஹீலா முதலில் கையைச் சோதித்தார். பலகையில் இருபத்தைந்து துளை. கிண்ணத்தில் இருபத்தைந்து ஊசிமுனைக் கம்பி. ஒவ்வொன்றாக எடுத்துத் துளையில் நிறுத்த வேண்டும். தேர்வுக்கு வந்திருந்த முப்பத்தொரு பேரின் சராசரி ஐம்பத்தெட்டு விநாடி. லூக்காஸ் வலது கையால் நாற்பத்தொரு விநாடியில் முடித்தார். இடது கையால் நாற்பத்து நான்கு. ஷஹீலா கடிகாரத்தை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். கடிகாரம் சரி.

"ஐயா, உங்கட கையில ஒரு பிழையும் இல்ல. கண்ணும் சரி. பிறகேன் நிண்டீங்க?"

"நான் நிக்கலியே மிஸ். நரம்பு தேடிக்கிட்டு இருந்தேன்."

"ரப்பர்க் கையில ஒரு நரம்புதான் ஈக்கு. அதுக்கும் நீலத்துல கோடு கீறி வெச்சிருக்கு."

"அப்படியா? நான் அதப் பாக்கல."

"மூலையில கமெரா ஈக்கு. வாங்க, பாப்பம்."

படத்தில் லூக்காஸ் நாடாவைக் கட்டினார், தோலைத் துடைத்தார், ஊசியை எடுத்தார், தோலிலிருந்து அரை அங்குலம் மேலே கொண்டுவந்தார். அங்கே நின்றது. அவர் கண் ரப்பர்க் கையில் இல்லை. அதற்கு மேலே, ஒரு முகம் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே சுவரும் ஒரு கலண்டரும் இருந்தன. லூக்காஸ் அதை மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

"இது நான்தானா மிஸ்?"

"சேர்ட் உங்கடதான்."

சேர்ட் அவருடையதுதான். 2022 நத்தார்ப் பண்டிகைக்கு நேசராணி எடுத்தது.

நேசராணி அவர் மனைவி. பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற இடத்தில், ஆயா. பிள்ளைக் காம்பராவும் மருந்தகமும் ஒரே கட்டடம். நடுவில் ஒரு பலகைச் சுவர்.

"இம்புட்டுப் பேருக்குக் குத்துனீங்க, ஒரு ரப்பருக்குப் பயந்துட்டீங்களா?" என்றாள் நேசராணி.

"பயமில்ல. அது ரப்பர்."

"அதத்தான் நானும் கேக்குறேன்."

அவர் ஒரு பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி, தண்ணீர் நிரப்பி, இரு முனையும் கட்டி, மேலே ரெக்ஸின் துண்டு ஒன்றைச் சுற்றி மேசையில் வைத்தார். நாடாக் கட்டினார், துடைத்தார், ஊசியைக் கொண்டுவந்தார். நின்றது. வேர்த்தது. ஊசியை வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார். திரும்பவும் நின்றது. அடுப்படியிலிருந்து நேசராணி குரல் கொடுத்தாள்.

"இங்க பாருங்க, ரெண்டு சுண்டு அரிசி போட்டாப் போதுமா?"

ஊசி போய்விட்டது. தண்ணீர் பீறிட்டது. லூக்காஸ் சந்தோஷப்பட்டு, கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அடுத்த ஊசியை எடுத்தார். அது இரவுச் சாப்பாடு வரை நின்றது.

மார்ச் 23, சனிக்கிழமை, ஷஹீலா நமுனுகுல பஸ்ஸில் ஏறி நீலவத்தைக்கு வந்தார். இருக்கிற இடத்தில் இருக்கிறபடி பார்த்தால்தான் பிழை தெரியும் என்பது அவர் படித்த பாடம். மாதத்தில் நான்காவது சனி, சீனி வருத்தக்காரர்களுக்கு இரத்தம் எடுக்கிற நாள். அதற்கும் நரம்பில்தான் ஊசி. வெளியே வாங்குப் பலகையில் பதினோரு பேர் இருந்தார்கள். ஷஹீலா மூலையில் ஒரு முக்காலியில் இருந்து, படிகள் அச்சிட்ட தாளையும் நிறுத்துகடிகாரத்தையும் எடுத்துக்கொண்டார்.

முதல் ஆள் ரெங்கம்மா. வயது ஐம்பத்தெட்டு; இன்னும் காலைப் பெரட்டில் ஆள்கணக்குக்குப் பேர் கொடுத்து வேலைக்குப் போகிறவர். கையை மேசையில் நீட்டினார். லூக்காஸ் கையுறையை ஊதினார். நாடாக் கட்டினார். துடைத்தார். ஊசியை அரை அங்குலம் மேலே கொண்டுவந்தார்.

"ரெங்கம்மா, நேத்து எத்தன கிலோ?"

"பத்தொம்பது டொக்டரையா. கொழுந்து நிறுக்கிற மடுவத்துல பதினேழுன்னு எழுதப் பாத்தான். நான் விடுவனா? தராசுல திரும்பப் போடுறான்னேன்."

'பத்' என்கிறபோதே ஊசி நரம்பில் இருந்தது. தராசுக்கு வருவதற்குள் குழாய் நிறைந்துவிட்டது.

இரண்டாவது விஜயலெட்சுமி, வயது முப்பத்து நான்கு. பேச்சில் அந்த மலையில் அவளுக்கு ஈடில்லை. இருபத்திரண்டு கிலோ என்றாள். போன புதன்கிழமை இருபத்தைந்து என்பதையும் சேர்த்துச் சொன்னாள். மூன்றாமவர் கவ்வாத்துக்காரர், அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுகிறவர். அவரிடம் எத்தனை செடி என்று கேட்டார். நூற்றுத் தொண்ணூறு. ஊசி போயிற்று. பதினோரு பேருக்கும் பதினோரு கேள்வி. எண்ணின் முதல் எழுத்துக்கும் ஊசி தோலைத் தொடுவதற்கும் இடையில் ஒரு விநாடிக்கு மேல் எந்த முறையும் போகவில்லை. ஒரு குத்தும் தவறவில்லை. ஷஹீலா எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஐயா, ஏன் எல்லாரிட்டயும் கிலோ கேக்கறீங்க?"

"எந்தக் கிலோ?"

"ஊசி போடக்குள்ள. நேத்து எத்தன கிலோண்டு."

"நான் எங்க மிஸ் கேக்குறேன்? குத்துறப்ப நான் வாயே தொறக்கிறதில்ல. எச்சில் பட்டுச் சுத்தம் போயிரும்."

முழங்கை மடிப்பில் பஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த ரெங்கம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னாது? வாயே தொறக்கிறதில்லியாம்! டொக்டரையா, எம் மக பிள்ளப்பேத்துக்கு வலியில துடிக்கிறா, நீங்க சேலைன் ஏத்துறேன்னுட்டு எத்தன கிலோன்னு கேட்டீங்க. அவளும் பதினெட்டுன்னு கத்துனா. லயத்து வீடு பூராவுக்கும் கேட்டிச்சு."

"அது வேற ஏதோ..."

"வேற என்ன வேற?" என்றாள் விஜயலெட்சுமி. "எம் பையனுக்கு ரத்தம் எடுக்கறப்ப எத்தனாம் வகுப்புன்னு கேட்டீங்க. அவன் நாலாம் வகுப்புன்னான். அடுத்த மாசமும் கேட்டீங்க. அப்பவும் நாலாம் வகுப்புதான். அவனென்ன மாசத்துக்கொரு வகுப்பா ஏறுவான்?"

கவ்வாத்துக்காரர் வாங்கிலிருந்து எழும்பவில்லை. இருந்தபடியே சொன்னார். "தொரைக்குக் காய்ச்சல் வந்து ரத்தம் எடுத்தப்ப, ஃபெக்டரியில நேத்து எத்தன கிலோ தேயிலன்னு கேட்டாரு. தொர தசமப் புள்ளி வெச்சுச் சொன்னாரு. நாந்தான் கதவு புடிச்சுக்கிட்டு நின்னேன்."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேசராணியின் சிரிப்பு கேட்டது. லூக்காஸ் சுவரைப் பார்த்தார். சுவர் சிரிப்பை நிறுத்தவில்லை.

எப்போது அவர் இப்படிக் கேட்கத் தொடங்கினார் என்பதற்குப் பதிவு இல்லை. பயந்தவர்களின் கவனத்தை வேறு பக்கம் திருப்ப ஆரம்பத்தில் கேட்டிருக்கலாம். கொழுந்து பறிக்கிறவரிடம் நேற்றைய நிறுவையைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். அந்த எண் வருகிற நொடியில் அவர் கை தளரும், ஊசி போகும். ஆயிரம் தடவை அப்படிப் போன பிறகு, எண் வந்தால்தான் போவது என்று லூக்காஸின் கை தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. வாய்க்கும் கைக்கும் நடந்த இந்த ஒப்பந்தத்தில் லூக்காஸைக் கலந்தாலோசிக்கவில்லை. ஷஹீலா அன்று மத்தியானம் அவருக்கு இதை இரண்டு தடவை விளக்கினார். இரண்டாவது தடவை அவர் தலையாட்டினார்.

பிறகு ஷஹீலா ஒரு கேள்வி கேட்டார்.

"பேச ஏலாத ஆக்கள் வந்தா?"

லூக்காஸ் அலுமாரியைத் திறந்து பதிவேடுகளை எடுத்தார். "நரம்பு கிடைக்கவில்லை, பதுளைக்கு அனுப்பப்பட்டது" என்ற குறிப்பு இருபத்தேழு வருடத்தில் நான்கு இடங்களில் இருந்தது. அவற்றைத் தேடி எடுக்க இரண்டு பேருக்கும் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. 2001: இரண்டு வயதுக் குழந்தை. 2009: குளவி கொட்டிய பெண், வயது நாற்பத்தொன்று, முகமும் நாக்கும் வீங்கியிருந்தன. 2014: வலிப்பு வந்து நினைவில்லாமல் கிடந்த ஒருவர். 2018: பிறவியிலேயே பேசாத ஒரு கவ்வாத்துத் தொழிலாளி. மூன்று பேர் பிழைத்தார்கள். 2009ஆம் ஆண்டுப் பெண் வேனில் பதினெட்டாம் கிலோமீற்றர்க் கட்டையில் இறந்துபோனாள்.

லூக்காஸ் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு இருந்தார்.

"அப்ப நரம்பு இருந்திருக்கு," என்றார்.

"இருந்திருக்கும், ஐயா."

"நான் கிடைக்கலன்னு எழுதியிருக்கேன்."

லூக்காஸ் பதிவேட்டை மூடி அலுமாரியில் ஆண்டு வரிசையில் வைத்தார். 2.35 பஸ்ஸுக்கு ஷஹீலாவைக் கடைச்சந்தி வரை கொண்டுபோய் விட்டார். அவர் பஸ் ஏறும்போது, "மிஸ், மறுபடி எப்ப வரட்டும்?" என்று மட்டும் கேட்டார்.

லூக்காஸ் பயிற்சி நிலையத்துக்கு ஆறு நாள் போனார். முதல் நாள் ஷஹீலா பக்கத்தில் நின்று எண்ணைச் சொன்னார். "பதினாறு." ஊசி போயிற்று. "இருபத்து மூணு." போயிற்று. இருபதுக்கு இருபது. அதனால் நோய் இன்னதென்று உறுதியானது, வைத்தியம் ஆகவில்லை. தேர்வில் பக்கத்தில் நின்று எண் சொல்ல ஆள் கிடையாது.

இரண்டாம் நாள், எண்ணை அவரே சொல்லிக்கொள்ளட்டும் என்று பார்த்தார்கள். லூக்காஸ் உரக்க, "பதினெட்டு" என்றார். கை அசையவில்லை. வேறு எண் சொல்லிப் பார்த்தார். பன்னிரண்டு தடவையில் ஒன்றுகூடப் போகவில்லை. தனக்கு முன்கூட்டியே தெரிந்த எண்ணில் அந்தக் கைக்கு அக்கறை இருக்கவில்லை.

மூன்றாம் நாள் ஷஹீலா அவர் இடது கையைப் பிடித்துக் காட்டினார்.

"வலது கைய மறந்திடுங்க. ஊசி போடக்குள்ள உங்கட இடது பெருவிரல் என்ன செய்யுது?"

"தோலக் கீழ இழுக்குது."

"எவ்வளவு இழுக்குது?"

லூக்காஸுக்குத் தெரியவில்லை. இருபத்தேழு வருடமாக அந்தப் பெருவிரல் அவருக்காக வேலை செய்துகொண்டிருந்தது. அதனிடம் அவர் ஒன்றும் விசாரித்ததில்லை. ஷஹீலா அவர் கண்ணை மூடச் சொன்னார். தோலை இழுக்கச் சொன்னார். கொஞ்சம் போய், இன்னும் கொஞ்சம் போய், ஓர் இடத்தில் தோல் இனி வரமாட்டேன் என்று நின்றது.

"நிக்குதா?"

"நிக்குது."

"அதுதான் இனி உங்கட கிலோ. அது நிண்டா, ஊசி போகணும்."

அன்று இருபதில் மூன்று போயிற்று. நான்காம் நாள் ஒன்பது. ஐந்தாம் நாள் பதினாறு. கண்ணை மூடிக்கொண்டு தோலை இழுத்து, நின்றதும் கண்ணைத் திறந்து குத்துவது. பிறகு கண்ணை மூடாமல் செய்வது. பிறகு சுவரில் உள்ள கலண்டரைப் பார்க்காமல் செய்வது. ரப்பர்க் கையில் மட்டும் இருநூற்றுப் பதினான்கு குத்து. அதற்கு இரண்டு தடவை புதுத் தோல் மாட்டினார்கள்.

வீட்டில் சைக்கிள் டியூப் தினமும் மாலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்தது. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் எந்த எண்ணையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று லூக்காஸ் உத்தரவு போட்டார். நேசராணிக்கு அது பெரிய கஷ்டமாகப் போயிற்று.

"மணி என்னான்னு பக்கத்து வீட்டுக்காரி கேட்டா, நான் என்னத்தச் சொல்ல?"

"வெளியில போய்ச் சொல்லு."

"மழை பெய்யுது."

"கொடைய எடுத்துக்கிட்டுப் போ."

அவள் குடையை எடுத்துக்கொண்டு போய், முற்றத்தில் நின்று, "ஆறாகப் பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அது ஒரு தடவை நடந்தது. இரண்டு தடவை என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

ஆறாம் நாள் இருபதுக்கு இருபது. கையுறைக்குள் ஊதுவதை விடுவதுதான் கடைசி வரை கஷ்டமாக இருந்தது. இருபதில் நான்கு தடவை உதடு குவிந்துவிட்டது; ஷஹீலா மேசையைத் தட்டி நிறுத்தினார்.

மறு தேர்வு ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. பயிற்சி கொடுத்தவர் தேர்வு அறைக்குள் வரக் கூடாது என்பது விதி. ஷஹீலா கீழே மாமரத்தடியில் நின்றார். பரீட்சகர் வேறு ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் டொக்டர். லூக்காஸ் உள்ளே போய்ப் பார்த்தபோது, ரப்பர்க் கை இந்தத் தடவை மேசையில் கிடக்கவில்லை. கதிரையில் ஒரு மனிதர் இருந்தார்; அவர் கையின்மேல் ரப்பர்க் கையை வைத்துக் கட்டியிருந்தார்கள். நோயாளியோடு நடந்துகொள்கிற விதத்தையும் பார்க்க வேண்டும் என்று புதிதாக முடிவு செய்திருந்தார்கள். கதிரையில் இருந்தவர் பெயர் நௌபர். பதுளைக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்; நிலையம் கேட்டதற்கு உதவியாக வந்தவர். மூன்று நாளாக வயிற்றோட்டத்தால் வாடிய ஒரு மேசன் வேலைக்காரராக நடிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் அதற்காகக் காலையில் சவரம் செய்யாமல் வந்திருந்தார்.

லூக்காஸ் கை கழுவினார். பெயரைக் கேட்டார். செய்யப்போவதைச் சொன்னார். கையுறையை எடுத்தார். உதடு குவிந்தது. அதை ஒரு இருமலாக்கிக்கொண்டார். நாடாக் கட்டினார், துடைத்தார், ஊசியைக் கொண்டுவந்தார். அரை அங்குலத்தில் அது மெதுவாயிற்று. இப்போது எதிரே ஒரு முகமும் இருந்தது. லூக்காஸ் அதைப் பார்க்கவில்லை. பெருவிரலால் தோலை இழுத்தார். தோல் வந்தது, வந்தது, நின்றது. ஊசி போயிற்று. குழாயின் வாலில் சிவப்புத் தண்ணீர் ஏறியது.

குழாயைப் பிளாஸ்டரால் ஒட்டிக்கொண்டிருந்தபோது, வேலை முடிந்ததென்று நினைத்த வாய் தன்பாட்டில் திறந்தது.

"நேத்து எத்தன கிலோ?"

நௌபர் உடனே, "ரெண்டிஞ்சி ஆணியா, மூணிஞ்சி ஆணியா?" என்றார். பிறகு தான் மேசன் என்பது நினைவு வந்து, முகத்தைச் சுளித்து, "வயித்தால போகுது டொக்டர்" என்றார்.

பெண் டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். புள்ளி இருபது. ஒன்று, நாடாவை அவிழ்க்கப் பிந்தியதற்குப் போனது. மற்றது, "நோயாளியிடம் தொடர்பற்ற வினா" என்பதற்கு. நோயாளியின் தொடர்பற்ற விடைக்குத் தாளில் இடம் இருக்கவில்லை.

லூக்காஸ் மாமரத்தடிக்கு வந்து, "இருபது" என்றார். ஷஹீலா, "வேற என்ன ஐயா சொன்னீங்க உள்ளுக்கு?" என்றார். "ஒண்ணுமில்ல மிஸ்" என்றார் லூக்காஸ். அத்தாட்சிக் கடிதம் மே 6ஆம் திகதி தபாலில் வந்தது.

மே 16, வியாழக்கிழமை, காலை 9.40 அளவில், ஏழாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. கொழுந்து லொறியில் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். லொறி மருந்தக வாசலில் நின்றபோது 9.58. ஆறு பேருக்கு மாத்திரையும் தொடையில் ஓர் ஊசியும் போதுமாக இருந்தன. மூன்று பேருக்கு நரம்பில் ஏற்ற வேண்டியிருந்தது. முதல் இருவருக்கு ஏற்றும்போதும் லூக்காஸின் வாய் வழக்கப்படி கேட்டது. ஒருத்தி, "நேத்து லீவு டொக்டரையா" என்றாள். ஊசி அந்தப் பதிலுக்குக் காத்திராமல் முன்பே போயிருந்தது.

மூன்றாவது, விஜயலெட்சுமி. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து படுக்கையில் கிடத்தினார்கள். கண் இரண்டும் மூடி வீங்கியிருந்தன. உதடு வெளியே தள்ளியிருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. தலையிலும் கழுத்திலும் கொட்டியது முப்பதுக்கு மேல். லூக்காஸ் முதலில் தொடையில் போடவேண்டிய மருந்தைப் போட்டார். நேசராணி பலகைச் சுவரைச் சுற்றி ஓடிவந்து அவள் கையை நீட்டிப் பிடித்தாள். லூக்காஸ் நாடாக் கட்டினார். நரம்பு தாழ்ந்து போயிருந்தது. நீலக் கோடு இல்லை. துடைத்தார். ஊசியைக் கொண்டுவந்தார்.

"விஜயலெட்சுமி, நேத்து எத்தன கிலோ?"

விசில்தான் வந்தது.

ஊசி நின்றது. நேசராணி அதைப் பார்த்தாள். எண் ஒன்றைச் சொல்லிவிடலாமா என்று தனக்குத் தோன்றியதாகவும், சொல்லக் கூடாதென்ற உத்தரவு இன்னும் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாமல் வாயை மூடிக்கொண்டதாகவும் அவள் பிறகு சொன்னாள். ஊசி நின்ற நேரம் ஏழெட்டு விநாடி இருக்கும். அதை அளக்க அங்கே யாருக்கும் கை ஒழியவில்லை.

லூக்காஸ் முகத்திலிருந்து கண்ணை எடுத்தார். பெருவிரலைத் தோலில் வைத்துக் கீழே இழுத்தார். வீங்கிய தோல் ரப்பரைப் போலவும் இல்லை, ரெக்ஸினைப் போலவும் இல்லை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அவர் அவசரப்படவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். நின்றது.

பதிவேட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: "10.07. இடது முன்கை. ஒரே குத்து. பதுளைக்கு அனுப்பப்பட்டது, 10.15." வேன் பதுளையை அடைந்தது 11.21க்கு. அன்று அது ஒழுங்காக ஓடியது. விஜயலெட்சுமி நான்கு நாள் வார்ட்டில் இருந்து, 20ஆம் திகதி திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தாள். பேச்சு அதற்கு முந்திய நாளே திரும்பிவிட்டது என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் சொன்னார்களாம்.

வேன் போன பிறகு லூக்காஸ் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். வாங்கின் ஓரத்தில் ரஜீவன் என்கிற பெடியன், கொழுந்து லொறியில் உதவியாளாக இருக்கிறவன், அன்று லீவில் இருந்தவன், இருமிக்கொண்டிருந்தான். தான் ஒன்பது மணிக்கே வந்ததாகவும், வந்தவர்களை எல்லாம் முன்னால் விட்டதாகவும் சொல்லி, இருமலுக்கு இரண்டு மாத்திரை வாங்க இவ்வளவு நேரமா என்று கேட்டான்.

"உள்ள வா" என்றார் லூக்காஸ்.